தாங்கும் கரங்களைத் தாங்குவோர் யார்?

மே மாதம் தேவ அன்னைக்குரிய மாதம். அதே மாதத்தின் 12-ஆம் நாளை உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறது. 1820-ஆம் ஆண்டு அந்நாளில்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்தார். அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, 2020-ஆம் ஆண்டைச் செவிலியருக்கும் பேறுகால உதவியாளருக்கும் உரிய ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் முன்னரே குறித்து வைத்திருந்தது. விழா எடுக்கவேண்டிய அந்த ஆண்டே அவர்களுக்குப் பெருஞ்சோதனையின் ஆண்டாக அமைந்தது. மார்ச் 11 அன்று கொரோனா நோய் உலகப் பெருந்தொற்று என அறிவிக்கப்பட்டது. மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாமெல்லாரும் வீட்டு வாசலில் நின்று கைதட்டினோம். தட்டுகளையும் மணிகளையும் ஒலித்தோம்.

கைதட்டல் சில நிமிடங்களில் ஓய்ந்துவிட்டது. யாரை எண்ணிக் கைதட்டினோமோ அவர்களது உழைப்போ ஓயவில்லை. நோயின் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5-ஆம் நாளில்தான். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் நம் செவிலியர் தம் உள்ளத்தின் சுமையை எவ்வாறு தாங்கினர்? அவர்களைத் தாங்க நாம் என்ன செய்தோம்? அன்பு வாசகர்களே, இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில், இதில் நமக்கும் ஒரு தவறு உண்டு. அதனை மறையாது கூறிவிடுகிறோம்.

வேப்பமரத்தடியில் ஒரு கேள்வி

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கம். இரண்டாம் அலை தமிழகத்தை உலுக்கிய நேரம். மே மாதப் பிற்பகுதியில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியாயிற்று. சென்னையில் மருத்துவமனை வாயில்களில் நோயாளிகளைச் சுமந்த ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசையில் காத்து நின்றன. ஆலயக் கதவுகள் அடைத்திருந்தன. ஒரு நாள் காலை, நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர் இரவுப் பணி முடிந்து நேரே பங்குமனைக்கு வந்தார். மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். இரு பிள்ளைகளின் தாய். "உள்ளே வாம்மா" என்றோம். மறுத்துவிட்டார். வராந்தாப் படியிலும் ஏறாமல், எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றபடியே பேசினார்.

"சாமி, நேற்று இரவு எங்கள் வார்டில் மூன்று பேர் போய்விட்டார்கள். போன வருடம் ஒருவர் இறந்தால்கூட வீட்டுக்கு வந்து அழுவேன். நேற்று அழுகையே வரவில்லை. மூன்றாவது உடலைக் கட்டி அனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டேன். நான் கல்லாகிவிட்டேனா, சாமி? இது பாவமா?"

நாம் என்ன கூறினோம்? ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டினோம். துன்பத்தை அவருடைய சிலுவையோடு ஒப்புக்கொடுக்கச் சொன்னோம். செபமாலையைக் கைவிடவேண்டாம் என்றோம். தூரத்திலிருந்தே ஆசீர் அளித்தோம். "சரி, சாமி" என்று தலையசைத்துச் சென்றார். நல்ல மறுமொழி கூறிவிட்டோம் என்ற நிறைவோடு நாமும் காலை உணவுக்குச் சென்றோம்.

ஜூலையில் ஆலயங்கள் மீண்டும் திறந்தன. அந்தச் சகோதரியைக் காணவில்லை. மாத இறுதியில் அவருடைய கணவரைக் கடைத்தெருவில் கண்டு வினவினோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறாள், சாமி. பிள்ளைகளிடமும் பேச்சில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால், 'சாமி செபிக்கச் சொன்னார். எனக்குச் செபிக்க வரவில்லை. எந்த முகத்தோடு போவது?' என்கிறாள்."

ஆறுதல் தேடி வந்தவரின் தோளில் நாம் மேலும் ஒரு சுமையை ஏற்றி அனுப்பியிருந்தோம் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

வானதூதர் போதிக்கவில்லை

அடுத்த சில நாள்களில் ஆகஸ்டு 8, பொதுக்காலத்தின் 19-ஆம் ஞாயிறு வந்தது. அன்றைய முதல் வாசகம் அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரம். பாலைநிலத்தில் ஒரு நாள் முழுதும் நடந்து களைத்த எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் அடியில் அமர்கிறார். போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிவிட்டு உறங்கிப்போகிறார். ஆண்டவரின் தூதர் வருகிறார். வந்தவர் அவருடைய விசுவாசக் குறைவைக் கண்டிக்கவில்லை. போதிக்கவுமில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பத்தையும் ஒரு குவளை நீரையும் காட்டுகிறார். எலியா உண்கிறார், பருகுகிறார், மீண்டும் படுத்துக்கொள்கிறார். தூதர் அதற்கும் சினம் கொள்ளவில்லை. உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் வந்து உண்ணச் சொல்கிறார். நெடும்பயணம் இன்னும் இருக்கிறது என்பதே அவர் கூறும் காரணம். ஓரேபு மலையில் ஆண்டவரின் குரல் கேட்பதெல்லாம் அதன் பின்னரே.

குருமடத்தில் கற்ற பகுதிதான். பல முறை மறையுரையாற்றிய பகுதிதான். எனினும், அன்று பீடத்தில் நின்றபோது வேப்பமரமே கண்முன் நின்றது. களைத்த ஊழியனுக்கு இறைவன் முதலில் அளித்தது உணவும் உறக்கமும் அருகிருக்கும் துணையும். நாமோ முதலாவதை விட்டுவிட்டு இறுதியானதைக் கொடுத்தோம். கூறிய சொற்கள் பிழையல்ல; கூறிய வேளையே பிழை.

அந்த வாரத்திலேயே அச்சகோதரியின் இல்லம் சென்றோம். இம்முறை எதுவும் போதிக்கவில்லை. ஒரு மணி நேரம் அவர் பேசினார், நாம் கேட்டோம். நடுவில் அவருடைய மாமியார் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மருமகளின் தலையை ஒரு முறை தடவிவிட்டுச் சென்றார். அப்போதுதான் அந்தச் சகோதரிக்குக் கண்ணீர் வந்தது.

அவர்கள் சுமந்தவை

செவிலியரின் துன்பம் வேலை மிகுதி ஒன்றினால் மட்டும் வந்ததன்று. முழுக் கவச உடையை அணிந்துவிட்டால், அதைக் கழற்றும்வரை தண்ணீர் குடிக்க இயலாது; இயற்கைக் கடன் கழிக்கவும் இயலாது. கண்ணாடியில் ஆவி படரும். முகக்கவசத்தின் விளிம்பு மூக்கில் தழும்பிடும். உள்ளே வியர்வை ஆறாய்ப் பெருகும். பணி முடிந்தாலும் வீடு செல்ல அஞ்சி, விடுதிகளில் தனித்திருந்த தாய்மார் பலர். தம் குழந்தையைக் கைப்பேசித் திரையில் கண்டு தேற்றிக்கொண்டவர் பலர்.

இவற்றினும் கொடியது மற்றொன்று உண்டு. ஒரு நோயாளிக்கு என்ன தேவையென அறிந்திருந்தும் அதைச் செய்ய இயலாமற்போவது. படுக்கை இல்லை, பிராணவாயு போதவில்லை, இரு கைகளுக்கு இருபது நோயாளிகள் என்ற நிலையில், யாரை முதலில் பார்ப்பது என்னும் கேள்வி மனச்சான்றையே அறுக்கும். பெற்ற பிள்ளையும் அருகில் வர முடியாத மரணப்படுக்கையில், கையுறை அணிந்த ஒரு செவிலியின் கையே இவ்வுலகின் கடைசித் தொடுதலாயிற்று.

உயிர் அச்சமும் பொய்யன்று. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான நலப்பணியாளர் இந்நோயால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நமக்கு அண்மையில், 2018 மே மாதம் கேரளத்தில் நிப்பா நோய் பரவியபோது, பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலி லினி நோயாளிக்குப் பணிவிடை செய்து தாமும் நோயுற்று இறந்தார். இனிச் சந்திக்க இயலாது என்று உணர்ந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதத்தைக் கேரளம் இன்றும் மறக்கவில்லை.

இவர்களை ஊரார் எவ்வாறு நடத்தினர்? வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்கள் இருந்தனர். 2020 ஏப்ரலில் சென்னையில், நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவும் ஒரு கூட்டம் தடுத்துத் தாக்கியது. அதே மாதம் 22-ஆம் நாள், 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, நலப்பணியாளரைக் கொடுங்காயப்படுத்துவோருக்கு 7 ஆண்டுவரை சிறைத்தண்டனை என்று நடுவணரசு அவசரச்சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. நம் பங்கிலும், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டாமென்று ஒரு செவிலியிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களே மார்ச் 22-இல் கைதட்டியவர்களும்.

"கல்லாகிவிட்டேனா?" என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். நெடுநாள் தணியாத பணி நெருக்கடியால் வரும் சோர்வு நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டிலேயே வரையறுத்துள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று: ஆற்றல் முற்றும் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகி மரத்துப்போதல், தன் பணியால் பயனில்லை என்று தோன்றுதல். இது பணிச்சூழலால் விளைவது. மண்வெட்டி பிடிக்கும் கை காய்த்துப்போவது போன்றதே இது. காய்த்த கை கெட்ட கையன்று. ஓய்வு வேண்டும் கை. இதற்குப் பாவம் என்று பெயரிடலாகாது.

அவர்கள் கண்ட வழிகள்

2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம் பங்கின் செவிலியர் ஐவரைப் பங்குமன்றத்திற்கு அழைத்து, அந்நாள்களை எவ்வாறு கடந்தீர்கள் என்று கேட்டோம். அவர்கள் கூறியவற்றுள் பெரிய தத்துவம் எதுவுமில்லை. சின்னஞ்சிறு வழிகளே இருந்தன.

முதலாவது, இருவர் இருவராகப் பணி செய்தல். கவச உடை அணிகையில் ஒருவர் மற்றவரின் முடிச்சுகளைச் சரிபார்ப்பார், பணி நடுவே மற்றவரின் கண்ணைப் பார்த்து, "முடியவில்லையா? நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அனுபவமிக்கவரோடு புதியவரை இணைக்க வேண்டும், கடினமான பிரிவிலிருந்து எளிய பிரிவுக்கு முறைமாற்றிப் பணி கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்தியது. சீடர்களை ஆண்டவர் இருவர் இருவராக அனுப்பியதன் நுட்பம் இதுவன்றோ!

இரண்டாவது, பேச்சு. பணி முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் பத்து நிமிடம் வட்டமாக அமர்வார்களாம். அன்று மனத்தை வருத்தியதை ஒவ்வொருவரும் சொல்லலாம். ஒரே ஒரு விதி: கேட்பவர் அறிவுரை கூறலாகாது. இதைச் சொன்னபோது அச்சகோதரி நம்மை நோக்கிப் புன்னகைத்தார். அதன் பொருள் நமக்கு விளங்கிற்று.

மூன்றாவது, இயலாமை நடுவிலும் இயன்றதைச் செய்தல். கவச உடைக்குள் முகம் தெரியாததால் நோயாளிகள் மிரண்டனர். எனவே உடையின் மார்பில் மார்க்கர் பேனாவால் தம் பெயரை எழுதிக்கொண்டனர். குழந்தை நோயாளி இருந்தால் ஒரு பூவும் வரைந்துகொள்வார்களாம். கைப்பேசியில் நோயாளியின் வீட்டாரை அழைத்து முகம் காட்டினர். "மருந்து கைகொடுக்காத நாளிலும், ஒரு பாட்டிக்குப் பேரனைக் காட்ட முடிந்தது என்றால் அன்று தூக்கம் வரும்" என்றார் ஒருவர்.

நான்காவது, இறந்தவருக்கு ஒரு நிமிடம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் செவிலியர் ஒருவர் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய வழக்கம் ஒன்றுண்டு: நோயாளி இறந்ததும் மருத்துவரும் செவிலியரும் உடனே கலைந்துவிடாமல், சிறிது நேரம் மௌனமாக நின்று அவரை ஒரு மனிதராக எண்ணி மரியாதை செய்வர். இதைக் கேள்விப்படாமலே நம் செவிலியர் இருவர் அதைச் செய்துவந்தனர். இறந்தவர் எம்மதத்தவராயினும், அவர் பெயரை மனத்தில் ஒரு முறை உச்சரித்து நிற்பார்களாம். மரத்துப்போகும் உள்ளத்திற்கு அது மருந்தாயிற்று.

ஐந்தாவது, சிறு செபம். நீண்ட செபம் வராத நாள்களில், கை கழுவும் நேரமே அவர்களின் செபநேரமாயிற்று. "இரண்டு 'அருள் நிறைந்த மரியே' சொன்னால் கை கழுவும் நேரம் சரியாக இருக்கும், சாமி" என்றார் மூத்த செவிலி. எத்தனையோ செபமாலைகள் அந்தத் தண்ணீர்க் குழாயடியில் சொல்லப்பட்டிருக்கும்!

வழுக்கியதையும் அவர்கள் மறைக்கவில்லை. மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை விழுங்கிப் பழகியவர் ஒருவர். வார்டில் அடக்கிய சினத்தை வீட்டில் பிள்ளைகள்மேல் கொட்டியவர் ஒருவர். பணி முடிந்து வந்த பின்னும், விட்டுவந்த நோயாளி என்ன ஆனாரோ என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருந்து உறக்கம் இழந்தவர் ஒருவர்.

அவருக்கு நாம் நல்ல சமாரியரை நினைவூட்டினோம். காயமுற்றவனைத் தூக்கிய அந்தச் சமாரியர் சத்திரத்திலேயே தங்கிவிடவில்லை. மறுநாள் இரு தெனாரியங்களைக் கொடுத்து, சத்திரக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தம் வழியே சென்றார். திரும்பி வருவேன் என்றும் சொன்னார். அடுத்த முறைக்காரரிடம் நோயாளியை ஒப்படைத்துவிட்டு வீடு செல்வது அன்பின் குறைவன்று. உலகைத் தாங்கும் பொறுப்பு ஆண்டவருடையது. நமது பொறுப்பு நம் பணிநேரத்திற்குரியது.

தனி ஒருவரால் ஆகாதவை

எனினும், எல்லாவற்றையும் செவிலியரின் மனத்திடத்திலேயே சுமத்திவிடுதல் நீதியன்று. உலகில் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் செவிலியர் உள்ளனர் என்றும், இன்னும் 59 இலட்சம் பேர் தேவை என்றும் 2020-ஆம் ஆண்டின் உலக அறிக்கை கூறிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட செவிலியர் பலர், நோய் தணிந்தபின் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் அமர வேண்டியிருந்தது. போதிய ஆள், உரிய ஊதியம், முறையான விடுப்பு ஆகியன இல்லாத இடத்தில் எந்த மனப்பயிற்சியும் நெடுநாள் உதவாது. நம் கத்தோலிக்க மருத்துவமனைகளை நடத்துவோரும் இதைத் தம்மைநோக்கிய சொல்லாகக் கொள்வார்களாக.

செவிலியின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் இதில் அடங்கும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 மார்ச்சில் இத்தாலியச் செவிலியரைச் சந்தித்தபோது, தம் இளமையில் நேர்ந்ததைக் கூறினார். நுரையீரல் நோயால் அவர் சாகும் தறுவாயில் இருந்தபோது, கொர்னேலியா கராலியோ என்னும் தொமினிக்கச் சகோதரி, மருத்துவர் குறித்த மருந்தளவு போதாது என்று வாதாடி அதை உயர்த்தச் செய்தார்; அதனாலேயே தாம் உயிர் பிழைத்ததாகத் திருத்தந்தை நன்றியோடு நினைவுகூர்ந்தார். தன் சொல் மதிக்கப்படுகிறது என்ற உணர்வே பணியாளருக்குப் பாதி ஓய்வு.

நைட்டிங்கேல் அம்மையாரும் தனியே நின்றவரல்லர். 1854-இல் கிரிமியப் போருக்கு அவரோடு புறப்பட்ட 38 பெண்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களுள் ஒருவரான அன்னை மேரி கிளேர் மூர், 1874-இல் தாம் இறக்கும்வரை அம்மையாருக்கு உற்ற தோழியாயிருந்து கடிதங்களால் தேற்றினார். விளக்கேந்திய கைக்கும் எண்ணெய் வார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

குடும்பங்களுக்கு ஒரு சொல்

நம் குடும்பங்களில் செவிலியர் இல்லாத உறவு அரிது. எனவே சிலவற்றை வேண்டுகிறோம். இரவுப் பணி முடிந்து வருபவர் மீண்டும் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று எதிர்பாராதீர்கள். பகலில் அவர் உறங்கும்போது வானொலியும் தொலைக்காட்சியும் ஓய்வெடுக்கட்டும். "இன்று எத்தனை பேர் செத்தார்கள்?" என்று வாசலிலேயே கேளாதீர்கள், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அருகில் இருங்கள். கணவன்மாரே, ஒரு குவளைத் தேநீர் போட்டுக் கொடுப்பது உங்கள் மாண்பைக் குறைக்காது. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ, கூச்சமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மனத்திற்கு மருத்துவம் பார்ப்பது விசுவாசக் குறைவன்று.

அவர்களைத் தேவதைகள் என்று அழைப்பதை நாம் விட்டுவிட்டோம். தேவதைகளுக்குப் பசியில்லை, களைப்பில்லை. ஆகையால் அவர்களுக்கு நாம் செய்யவேண்டியதும் ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. செவிலியரோ நம்மைப் போன்ற மனிதர். ஆண்டவரும் தம் சீடர்கள் உண்பதற்கும் நேரமின்றி உழைத்ததைக் கண்டு, தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்ந்திருக்க அவர்களை அழைத்தார் என்று மாற்கு நற்செய்தியில் காண்கிறோம்.

நம் பங்கில் இப்போது ஒரு சிறு வழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலைத் திருப்பலிக்குப் பின் செவிலியருக்காகப் பங்குமன்றம் திறந்திருக்கும். அன்பியக் குடும்பங்கள் முறைவைத்து உணவு கொண்டுவருகின்றன. மறையுரை கிடையாது. அந்தச் சகோதரி தவறாமல் வருகிறார். சென்ற மாதம் இளஞ்செவிலி ஒருத்தி தன் வார்டில் இறந்த குழந்தையைப் பற்றிச் சொல்லி விம்மியபோது, அவர் எதுவும் கூறவில்லை. தம் தட்டிலிருந்த இட்லியைப் பிட்டு அவளிடம் நீட்டினார், தாமும் அழுதார்.

நாம் மூலையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். புனித கமில்லஸ் வழியாகச் செவிலியர் அனைவரையும் ஆண்டவர் காப்பாராக. அவர்களைக் காப்பதில் நமக்குரிய பங்கை நாம் மறவாதிருக்கவும் அருள்வாராக.